அடுத்த மாதம்

வவுனியாக் கொம்பனி தந்த தாளில்
இருபத்திமூன்று வரிகள்.
நாற்பதாயிரம் கிலோமீற்றர் சேர்விஸ் என்று தலைப்பு.
கீழே மொத்தத்தைத்
தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள்.
ஒரு போக நெல் முழுதும் ஏற்றி இறக்கினாலும்
அந்தத் தொகையின் இடுப்புக்குத்தான் வரும்.

மல்லாவிச் சந்திக்கு அப்பால்
பாலை மரத்தடியில் குகனேசனின் கராஜ்.
கவிழ்த்த பரலில் இருந்து
ஒவ்வொன்றாய் வாசித்தேன்.
என் கையில் பென்சில்,
அவன் கையில் ஓயில் துணி.

"எஞ்சின் பிளஷ்?"
"நேரத்துக்கு ஓயில் மாத்துற ஆளுக்கு
அது என்னத்துக்கு?"
வெட்டினேன்.
"ஏசி சேர்விஸ்?"
லொறியைத் திரும்பிப் பார்த்தான்.
பாதியில் இறங்கிய ஜன்னல் கண்ணாடியை
ஒரு மரச்சிராய் தாங்கிக்கொண்டு நின்றது.
இரண்டு பேருக்கும் சிரிப்பு. வெட்டினேன்.
கூலன்ட் இரண்டு வருஷத்துக்கு ஒருக்கால்;
ஊற்றி ஒன்பது மாதம்தான். வெட்டினேன்.
இன்ஜெக்டர் கழுவுவதை,
புகை கறுத்தால் பார்ப்போம் என்றான்.
வெட்ட வெட்டப் பென்சிலுக்கு ருசி பிடித்தது.

எயர் பில்டருக்கு வந்ததும்
அவன் தலை ஆடவில்லை.
"இருபதாயிரத்துக்கு ஒருக்கா எண்டு போட்டவன்
முத்தையன்கட்டுக் கிறவல் றோட்டைக் கண்டவனோ?
உங்களுக்கு எட்டாயிரம், அக்கா."
கழற்றி நிலத்தில் தட்டினான்.
அரை ஏக்கர் செம்புழுதி விழுந்தது.
குறைக்க வந்த இடத்தில்
ஒரு வரி கூடியது.

பிறகு பிரேக் லைனிங்.
"இப்ப பரவாயில்லை.
மாத்தினால் நல்லம்."
அந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவே
முப்பத்தெட்டாயிரம் ரூபா கிடந்தது.
லீசிங்காரன் ஐந்தாம் திகதி வருவான்.
முதல் வசனத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.
அடுத்த மாதம் என்று
ஓரத்தில் எழுதினேன்.

மூன்று அடுத்த மாதங்கள் போயின.

தம்புள்ளைக்குப் பூசணிக்காய் லோட்.
கிளீனர்ப் பெடியனுக்குக் காய்ச்சல்,
நானே ஏறினேன்.
ஒட்டுசுட்டான் தாண்டி, இரவு ஒன்பது மணி.
பகல் சூடு ஆறாத தாரில்
மாடுகள் படுத்து அசைபோடும் நேரம்.
எனக்குக் கண்கள் மினுங்கித் தெரியுமுன்னமே
அமலதாஸின் கால் பிரேக்கில்.
ஒருதரம். விட்டு, இன்னொருதரம்.
கியரை இறக்க, எஞ்சின் முனகியது.
பூசணிகள் உருண்டு வந்து
என் முதுகுப் பக்கத் தகரத்தில் தட்டின.
நின்றபோது
ஒரு நாம்பன் எழும்பவே இல்லை,
காதை மட்டும் ஆட்டியது.

"ஏன் தம்பி, அவ்வளவு தூரத்திலயே?"
"பழகிட்டுது அக்கா.
இப்ப கொஞ்சம் முந்தி நினைக்கவேணும்."

குறை சொல்லும் குரல் இல்லை அது.
ரேடியோ பழுது என்று சொல்வதுபோல் சொன்னான்.
நான் மிச்சம் பிடித்த காசை
ஒவ்வொரு இரவும், ஒவ்வொரு மாட்டுக்கும்
தவணை தவணையாய்
அவன் கால் கட்டிக்கொண்டிருந்தது.
தம்புள்ளை மட்டும்
நானும் வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டே போனேன்.

திரும்பி வந்ததும் பாலை மரத்தடி.
கழற்றிய லைனிங்கை
குகனேசன் என் கையில் வைத்தான்.
நனைந்த பிஸ்கட்டின் தடிப்பு.
றிவிட் தலைகள் மினுங்கின.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
லீசிங்காரனுக்குப் போன் எடுத்துப்
பத்து நாள் கேட்டேன்.
ஏழு தந்தான்.

எஞ்சின் பிளஷ் இப்பவும் வெட்டுப்பட்டுத்தான் இருக்கிறது.
அதில் எனக்கு வெட்கமில்லை.
பில்டருக்கு இன்னும்
அறுநூறு கிலோமீற்றர் கிடக்கிறது.

புது லைனிங் போட்டு மூன்று கிழமை.
நேற்றும் கூடப் போனேன்.
றோட்டில் ஒரு மாடும் இல்லை,
அமலதாஸின் கால்
இன்னும் முந்தித்தான் போகிறது.